நாற்பது விநாடிக்கான திருத்தம்

பிப்ரவரி 24, திங்கள்

இந்த டைரி ஒரு மோட்டார் கம்பெனி என் வீட்டுக்காரர் முருகவேலுக்குக் கொடுத்தது. ஐம்பத்து நாலு பக்கம் காலியாகக் கிடந்துவிட்டது. இன்று எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் கை துறுதுறுக்கிறது. ஆபீசில் சொல்ல ஆளில்லை.

மதியம் கஸ்டமர் கேர் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அந்த நேரம் வந்த போன் என் மேசைக்குத் திரும்பியது. தாராபுரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு. பேசியவர் எஸ்தர் பியூலா என்ற நர்ஸ்.

"மேடம், உங்க மானிட்டரு பொய் சொல்லுதுங்."

பதினாறு வருஷமாக நோயாளி மானிட்டர் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். 'ஒர்க் ஆகுல' என்பார்கள், 'சத்தம் வருது' என்பார்கள். பொய் சொல்கிறது என்று யாரும் சொன்னதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒன்றரை வயதுக் குழந்தை, நிமோனியா. விரலில் மாட்டிய கிளிப் பாதி நழுவியிருக்கிறது. சிக்னல் அறுந்தால் திரையில் எண் போய்க் கோடு வரவேண்டும், அலாரம் அடிக்கவேண்டும்.

"ஒன்னும் அடிக்குலீங். ஆக்சிஜன் தொண்ணூத்தாறுன்னே நின்னுட்டிருந்துச்சு. நான் மிஷினப் பாக்குலீங், கொழந்த மூஞ்சியப் பாத்தனுங். ஒதடு நீலமாயிருச்சு. சளிய எடுத்து, ஆக்சிஜன் வெச்சு, டாக்டரக் கூப்புட்டு... இப்ப நல்லாத் தூங்குதுங்."

"எவ்வளவு நேரம் நின்னுச்சுங்க?"

"செவுத்துக் கடியாரத்தப் பாத்தனுங். நாப்பது செகண்டு."

குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி என்று பாதிப் பேர் மதியமே கிளம்பிவிட்டார்கள். லேப் காலி. என் விரலிலேயே கிளிப்பை மாட்டி, பாதி இழுத்து, இழுத்துப் பார்த்தேன். பதினொன்றாவது தடவை பிடிபட்டது. கிளிப் விரல் நுனியில் தொங்குகிறது, திரையில் என் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. எண்ணினேன். நாற்பது. எஸ்தர் சொன்னது ஒரு விநாடி கூடப் பிசகவில்லை.

எங்கள் மானிட்டரில் திரை மட்டும்தான் எங்களுடையது. கிளிப்பிலிருந்து எண்ணை வாங்கித் திரைக்குக் கொடுக்கும் நிரல் ஓப்பன் சோர்ஸ். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்களைப் போல இன்னும் எத்தனையோ கம்பெனிகள் எடுத்திருக்கின்றன. தவறு அதற்குள்தான் இருக்கிறது. நாலே வரி மாற்றினால் போதும். மாற்றிப் பார்த்துவிட்டேன், அரை விநாடியில் கோடு வருகிறது, அலாரம் அலறுகிறது.

அந்தப் பகுதியை எழுதியவர் பெயரும் வருடமும் பதிவில் இருக்கிறது. 2018. யார் எழுதினால் என்ன.

பிப்ரவரி 27, வியாழன்

அந்தத் திட்டத்துக்கு ஆபீஸ் கிடையாது, போன் கிடையாது. எல்லாம் ஒரு மெயிலிங் லிஸ்ட். அதில் சேர்ந்து, திருத்தத்தை மெயிலாக அனுப்பினால், எல்லோரும் பார்த்துக் குறை சொல்லி, சரியென்றால் ஏற்றுக்கொள்வார்கள். அனுப்பியதெல்லாம் என்றைக்கும் இணையத்தில் கிடக்கும். கம்பெனி வேலை சம்பந்தமாக வெளியே போவது கம்பெனி மெயிலிலிருந்துதான் போகவேண்டும் என்பது எங்கள் சட்டம்.

சேர்வதற்கு 'சப்ஸ்கிரைப்' என்று ஒரே வார்த்தை அனுப்பவேண்டும். அனுப்பினேன். எங்கள் மெயில் மென்பொருள் எல்லா மெயிலின் அடியிலும் ஒரு ரகசியக் குறிப்பை ஒட்டும்: இது ரகசியமானது, உங்களுக்கானது இல்லையென்றால் உடனே அழித்துவிடுங்கள், இன்ன பிற. அந்தப் பக்கம் இருப்பது ஒரு ரோபோ. அது குறிப்பின் ஒவ்வொரு வரியையும் கட்டளை என்று நினைத்து, 'இந்தக் கட்டளை புரியவில்லை' என்று பதினான்கு முறை பதில் போட்டிருக்கிறது. சேர்த்தும் கொண்டது, பாவம்.

மார்ச் 3, திங்கள்

திருத்தம் அனுப்பினேன். பதில் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

பதில் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிறேன். லிஸ்டின் பொதுப் பக்கத்தில் என் மெயிலே இல்லை. அனுப்பியது எங்கே போய் விழுந்தது?

சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டிருக்கிறேன். முருகவேல், "என்னம்மிணி, கடலத் தொட்டுட்டு வந்தாப்ல இருக்குது" என்று தயிரை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 5, புதன்

மெயில் சர்வரைக் கவனிப்பவர் ஷாஜகான். நோன்பு வைத்திருக்கிறார், நாலு மணிக்கு மேல் அவரிடம் போகக்கூடாது என்று ஊரறியும். நான் நாலரைக்குப் போனேன்.

"அக்கா, நம்ம மெயில் கலர் கலரா, எழுத்தெல்லாம் அழகு பண்ணி அனுப்பும். அவங்க வெறும் எழுத்து மட்டுந்தான் வாங்குவாங்க. மத்ததெல்லாம் வாசல்லயே குப்பைக்குப் போயிரும். சொல்லக்கூட மாட்டாங்க."

செட்டிங்கை மாற்றித் தந்தார். மறுபடி அனுப்பினேன். இந்த முறை பொதுப் பக்கத்தில் வந்துவிட்டது. பார்த்தவுடன் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மார்ச் 6, வியாழன்

பதில் வந்தது. ஓட்டோ என்று ஒருவர், எஸ்தோனியாக்காரர், அந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. மொத்தப் பதிலும் இரண்டு வரி: 'உங்கள் மெயிலின் அடியில், இது ரகசியம், அழித்துவிடவும் என்று இருக்கிறது. அழித்துவிட்டேன்.'

சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

மார்ச் 7, வெள்ளி

அவசரத்தில் பாதி எழுதிய மெயிலை லிஸ்டுக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் மென்பொருளில் 'திரும்ப அழை' என்று ஒரு பொத்தான் உண்டு. ஆபீசுக்குள் அனுப்பியதை அது இழுத்துக்கொள்ளும். வெளியே அனுப்பியதை இழுக்காது, 'கோகிலவாணி இந்த மெயிலைத் திரும்ப அழைக்க விரும்புகிறார்' என்று இன்னொரு மெயில் மட்டும் போகும். எனக்குத் தெரியாது. அமுக்கிவிட்டேன்.

'நாங்களும் பல விஷயங்களைத் திரும்ப அழைக்க விரும்புகிறோம்' என்று கனடாவிலிருந்து ஒருவர் பதில் போட்டிருக்கிறார். நாற்பத்திரண்டு வயதில் உலகமே சேர்ந்து கிண்டல் பண்ணுகிறது.

மார்ச் 10, திங்கள்

ரகசியக் குறிப்பை என் மெயிலுக்கு மட்டும் எடுக்க ஒரு படிவம் இருக்கிறதாம். துறைத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் துறைத் தலைவர் அருணகிரி சார்.

படிவத்தை வாங்கி டிராயரில் வைத்தேன். நாளைக்குக் கேட்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

கேட்கவில்லை. நாளையும் மறுநாளும் லீவு, காங்கேயத்தில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. லீவு போட்டால் தானியங்கிப் பதில் வைக்கவேண்டும் என்பது விதி. வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 14, வெள்ளி

கோபமா வெட்கமா தெரியவில்லை.

நான் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு நாளும், லிஸ்டில் யார் என்ன எழுதினாலும் அவருக்கு என் பெயரில் ஒரு தானியங்கிப் பதில் போயிருக்கிறது. அதுவும் லிஸ்டுக்கே, எல்லோரும் பார்க்க. 'இதை யாராவது நிறுத்துங்கள்' என்று எழுதியவருக்கும் ஒன்று. அவரை ஆதரித்து எழுதியவருக்கும் ஒன்று. மொத்தம் அறுபத்தொன்று. நான் லீவில் இருப்பது இரண்டாயிரம் பேருக்குத் தெரியும். என் மாமியாருக்குக் கூட இவ்வளவு விவரமாகத் தெரியாது.

அது போகட்டும். தானியங்கிப் பதிலில் 'அவசரமென்றால் அருணகிரியை அணுகவும்' என்று அவர் மெயில் முகவரி போட்டிருந்தேன். கம்பெனியில் எல்லோரும் தலைவர் முகவரியைத்தான் போடுவோம். ஓட்டோ அவரையே அணுகிவிட்டார்: 'நான் இதை அவசரம் என்று நினைக்கிறேன். 2018இல் இந்தப் பகுதியை எழுதியவர் நீங்கள் என்று எங்கள் பதிவு சொல்கிறது. இவர் சொல்லும் தவறு உண்மையா?'

பதினோரு மணிக்கு சார் கூப்பிட்டார்.

"உக்காருங் வாணி. வளைகாப்பெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

எப்போதும் மரியாதைதான். அதுதான் எரிச்சல்.

"இத இத்தோட விட்டுருங். அக்டோபர்ல நம்ம மிஷின்ல உள்ளுக்குள்ளயே சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம். ஊரக் கூட்டிச் சொல்லோணுமா? ஏப்ரல்ல டைரக்டர் போஸ்ட்டு பேசிட்டிருக்காங்க. இப்பப் போயி என் பேரு அங்க தப்புன்னு நின்னா நல்லாருக்குமா, நீங்களே சொல்லுங்."

டிராயரில் இருந்த படிவம் டிராயரிலேயே இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

எஸ்தர் மறுபடி பேசினார். குரல் உள்ளே போயிருந்தது.

"எனக்கு மெமோ குடுத்துட்டாங்க மேடம். கிளிப்ப ஒழுங்கா மாட்டுல, கேட்டா மிஷின் மேல பழி போடறேன்னு. மிஷினோட பதிவ பிரிண்டு எடுத்து வெச்சிருக்காங்க. அதுலயும் அந்த நேரத்துக்குத் தொண்ணூத்தாறுன்னுதான் இருக்குது. இருவத்தெட்டாந்தேதி விசாரண. வேலைய விட்டு எடுத்துருவாங்க போலங்."

"நீங்க பார்த்ததச் சொல்லுங்க."

"என் பேச்ச யாரு எடுப்பாங்க? மிஷினுதானுங்களே சாட்சி. கம்பெனில இருந்து ஒரு லெட்டர் குடுங் மேடம், அது போதும். என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதுங்களா?"

"தேடிட்டிருக்கோங்க" என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

லெட்டர் கேட்டேன். சார், "அது அவங்க ஆஸ்பத்திரி உள் விவகாரம். நாம எழுத்துல குடுத்தா நாளைக்கு நம்ம கழுத்துக்குத்தான் வரும்" என்றார். டீ வரவழைத்தார். குடித்தேன். குடித்திருக்கக்கூடாது.

வீட்டில் முருகவேல், "உன் ஜிமெயில்ல இருந்து அனுப்பிரு, யாரு கேக்கப்போறா?" என்கிறார். அனுப்பலாம். ஓட்டோ வாங்கிக்கொள்வார். ஆனால் எஸ்தருக்கு அதனால் பிரயோசனம் இல்லை. ஜிமெயிலில் எழுதினால் அது யாரோ ஒரு கோகிலவாணி சொன்னது. கம்பெனி முகவரியிலிருந்து போனால் மானிட்டர் செய்தவர்கள் சொன்னது. பொதுப் பக்கத்தில் நிற்கும், யார் வேண்டுமானாலும் பிரிண்ட் எடுக்கலாம், லெட்டருக்கு யார் காலிலும் விழவேண்டாம். இருபத்தெட்டுக்குப் பத்து நாள் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். டைரிக்குக் கூடவா பயப்படுவது.

2018இல் அந்தப் பகுதியை எழுதியது நான். மூன்று மாதம் எழுதினேன். லிஸ்டுக்கு அனுப்பினேன், போகவில்லை. மூன்று தரமும் வாசலிலேயே குப்பைக்குப் போனது. இப்போது நடந்த அதே கூத்து, அன்றைக்கு ஷாஜகான் இல்லை. அருணகிரி சார், "என் லேப்டாப்ல இருந்து அனுப்பிடறேங், உங்க பேர அடுத்த தடவ போட்டுக்கலாம்" என்றார். அவர் பெயரில் ஏறியது. அந்த வருஷமே அவருக்குத் துறைத் தலைவர் பதவி வந்தது. அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை.

ஏழு வருஷம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். என் மூன்று மாதம், அவர் பெயர்.

பிப்ரவரி 26 அன்று அந்த வரியைப் பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்லவில்லை. தவறு அவர் பெயரில் நிற்கிறது, திருத்தம் என் பெயரில் நிற்கப்போகிறது. ஒரு குழந்தையின் உதடு நீலமானதைக் கேட்ட இரண்டாம் நாள் எனக்கு அப்படித் தோன்றியது.

மார்ச் 20, வியாழன்

வேலை ஓடவில்லை. மூன்று தரம் காபி. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்ததைக் கவனிக்காமல் தொட்டி நிரம்பிப் படியெல்லாம் ஓடியது. கீழ்வீட்டு அம்மா சத்தம் போட்டார். போடட்டும்.

அருணகிரி சார் கையெழுத்துப் போட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. எனக்கு அது நேற்றே தெரியும்.

மார்ச் 21, வெள்ளி

காலையிலேயே போய்விட்டேன், யோசித்தால் போகமாட்டேன் என்று.

"சார், அத எழுதினது நாந்தான்னு மெயில்லயே போட்டுடறேங்க. தப்பு என்னோடதுன்னு."

முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "நெசமாவா சொல்றீங்?"

"நெசந்தானுங்களே சார். எழுதினது நாந்தானுங்களே."

கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக இருவரும் பேசாத விஷயம் மேசை மேல் கிடந்தது. பிறகு படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில், 'மருத்துவமனையில் நிகழ்ந்த கோளாறு குறித்துப் பொது அறிவிப்பு' என்று எழுதியிருந்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

"பெரிய மனசுங் உங்களுக்கு" என்றார். வெளியே வந்து கைகழுவும் இடத்தில் முகம் கழுவினேன். அழவில்லை, வியர்வை.

ஷாஜகான் பத்தே நிமிஷத்தில் குறிப்பை எடுத்துவிட்டார். "அக்கா, லீவு போட்டா மட்டும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க, கையெடுத்துக் கும்புடறேன்" என்றார்.

மார்ச் 24, திங்கள்

அனுப்பிவிட்டேன். சனி ஞாயிறு முழுக்க எழுதி அழித்தது. கடைசியில் நின்றது இதுதான், இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்:

'இந்தத் தவறு 2018இல் நான் எழுதிய பகுதியில் இருக்கிறது. அன்று என் அலுவலக மெயில் உங்களை அடையாததால் பதிவில் வேறொருவர் பெயர் இருக்கிறது. சிக்னல் பாதி அறுந்தால் பழைய எண் நாற்பது விநாடி வரை திரையில் நிற்கும். கருவியின் பதிவிலும் அதே பொய்யான எண்தான் ஏறும். பிப்ரவரி 24 அன்று ஒரு குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ் இதைக் கண்டார். அந்த நேரத்தைப் பொறுத்தவரை கருவியின் பதிவை நம்பக்கூடாது, அவர் சொன்னதையே நம்பவேண்டும்.'

கீழே நாலு வரித் திருத்தம்.

மார்ச் 25, செவ்வாய்

ஓட்டோ: 'ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஒரு குறை. தவறைக் கண்டு சொன்னவர் பெயரைத் திருத்தத்தில் போடுவது எங்கள் வழக்கம். அந்த நர்ஸுக்குப் பெயர் இல்லையா?'

எனக்கு உறைத்தது. என் பெயருக்கு ஏழு வருஷம் வயிறெரிந்தவள், அவர் பெயரை விட்டுவிட்டேன்.

எஸ்தரைக் கூப்பிட்டு, பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"எம் பேருங்களா? எதுக்குங்?"

"நீங்கதானுங்களே கண்டுபுடிச்சீங்க."

"போடுங் மேடம்" என்று ஆங்கில எழுத்து எழுத்தாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கம் அனுப்புகிறேன், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 26, புதன்

'ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி. ஓட்டோ.'

பதிவில் மூன்று வரி. எழுதியவர்: கோகிலவாணி. கண்டு சொன்னவர்: எஸ்தர் பியூலா. சரிபார்த்தவர்: ஓட்டோ. என் பெயருக்குப் பக்கத்தில் கம்பெனி முகவரி. எத்தனை தடவை பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

எஸ்தருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் அருணகிரி சாரிடமிருந்து மெயில். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சட்டப் பிரிவு ஆட்களோடு என்னைப் பார்க்கவேண்டுமாம். நான் லிஸ்டுக்கு எழுதியதை இப்போதுதான் முழுவதும் படித்திருக்கிறார். முருகவேலிடம் சொன்னேன். "பாத்துக்கலாம் விடு" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார். அவருக்கும் பயம்தான்.

மார்ச் 28, வெள்ளி

விசாரணை பதினோரு மணிக்கு. பன்னிரண்டு வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரைக்கு வந்தது.

"மெமோவத் திரும்ப வாங்கிட்டாங்க மேடம். அந்தக் காயிதத்தப் பெரிய டாக்டரு ரெண்டு தடவ படிச்சாருங். கம்பெனிக்காரங்களே ஒத்துக்கிட்டாங்களேன்னு சொன்னாரு. எம் பேரு அச்சுல இருக்கறதப் பாத்துட்டு அப்பறம் ஒன்னும் பேசுல. நாளைல இருந்து எல்லா வார்டுலயும் அந்த மிஷின நிறுத்தறாங்க."

நல்லதுங்க, நல்லதுங்க என்று நாலைந்து தடவை சொன்னேன்.

"ஒன்னு கேக்கட்டுங்களா?" என்றார். "எங்க லேப் டெக்னீசியன் அந்தக் காயிதத்த எனக்கு வரி வரியாப் படிச்சுச் சொன்னாருங். எழுதினது நீங்கதான்னு போட்டிருக்குது."

"ஆமாங்க."

"பதினேழாந்தேதி நான் கேட்டப்போ, தேடிட்டிருக்கோம்னு சொன்னீங்."

"ஆமாங்க."

"அப்பவே தெரியுங்களா?"

ஒரு பொய் வாய்வரை வந்தது. சரியாகத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், எண் காட்டும் நிரலைப் பற்றி ஏதாவது சுற்றி வளைத்திருக்கலாம்.

"தெரியுங்க. பிப்ரவரி இருபத்தாறுலயே தெரியும்."

அந்தப் பக்கம் வார்டு சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அழுதது, யாரோ 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. கோபமாகவும் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஒரு மாசமா, கிளிப்ப நாந்தான் சரியா மாட்டுலயோன்னு நெனச்சிட்டிருந்தனுங் மேடம்."

வைத்துவிட்டார்.